நாம்கோ நிறுவனத்தின் வரலாறு

நாம்கோ என்பது ஜப்பானைச் சேர்ந்த நிகழ்பட ஆட்ட (வீடியோ கேம்) நிறுவனம் ஆகும். மசாயா நாகாமுரா என்பவர் 1955-ஆம் ஆண்டு டோக்கியோவில் இதைத் தொடங்கினார். காசு போட்டு ஆடும் ஆட்டப்பெட்டிகள் ஆங்கிலத்தில் ஆர்கேட் ஆட்டங்கள் எனப்படுகின்றன. இத்துறையை உலக அளவில் வளர்த்தெடுத்த ஜப்பானிய நிறுவனங்களாக டைட்டோ, சேகா, கோனாமி ஆகியவற்றுடன் நாம்கோவும் குறிப்பிடப்படுகிறது. கேலக்சியன், பாக்-மேன், கலகா, டிக் டக், போல் பொசிஷன், செவியஸ், ரிட்ஜ் ரேசர், டெக்கன் ஆகியவை இதன் புகழ்பெற்ற படைப்புகள். 2005-ஆம் ஆண்டு பொம்மை நிறுவனமான பண்டாயுடன் நாம்கோ இணைந்தது.

நாம்கோ என்ற பெயரைக் கேள்விப்படாத தமிழர்கள் பலர் அதன் ஆட்டங்களை ஆடியிருக்கிறார்கள். 1990-களில் தமிழ்நாட்டு வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடப்பட்ட 'டி.வி. கேம்' கருவிகளில் பிள்ளைகள் 'டேங்க் கேம்' என்று அழைத்தது நாம்கோவின் 'பேட்டில் சிட்டி' ஆட்டமே. ஆனால் அந்த ஆட்டங்களுக்கான பணம் நாம்கோவுக்குப் போய்ச் சேரவில்லை. ஓர் ஆட்டம் யாருக்குச் சொந்தம், அதை நகலெடுப்பது எப்போது தவறாகிறது என்ற கேள்வி இந்நிறுவனத்தின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

தொடக்கம்: கூரையில் இரண்டு குதிரைகள்

மசாயா நாகாமுரா 1925-ஆம் ஆண்டு டிசம்பர் 24 அன்று டோக்கியோவில் பிறந்தார். யோக்கோகாமாவில் கப்பல் கட்டும் பொறியியல் படித்து 1948-இல் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப்போரில் தோற்றிருந்த ஜப்பானில் அப்போது கப்பல் கட்டும் துறையில் வேலை கிடைப்பது அரிதாக இருந்தது. எனவே அவர் தந்தையின் துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலில் சேர்ந்தார். 1955-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'நாகாமுரா செய்சாகுஷோ' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். 'நாகாமுரா தயாரிப்பகம்' என்பது இப்பெயரின் பொருள்.

நிறுவனத்தின் முதல் முதலீடு காசு போட்டால் ஆடும் இரண்டு இயந்திரக் குதிரைகள். அவை யோக்கோகாமா நகரில் ஒரு பல்பொருள் அங்காடியின் மொட்டை மாடியில் வைக்கப்பட்டன. அக்காலத்தில் ஜப்பானியப் பேரங்காடிகளின் மொட்டை மாடிகள் சிறுவர் பூங்காக்களாக இயங்கின. தாய்மார் பொருள் வாங்க வரும்போது பிள்ளைகளை அங்கே விளையாட விடுவது வழக்கம். சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியிலும், முட்டுக்காட்டில் உள்ள கேளிக்கைப் பூங்காவிலும் குழந்தைகளை ஈர்க்கும் சிறு ராட்டினங்களும் இதே தொழிலின் உறவினர்களே. நாகாமுரா தன் குதிரைகளுக்குத் தானே எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்ததோடு, அங்கு வரும் குடும்பங்களைத் தானே வரவேற்றும் வந்தார்.

1963-ஆம் ஆண்டு டோக்கியோவின் புகழ்பெற்ற மிட்சுகோஷி பேரங்காடியின் மாடியில் சவாரி இயந்திரம் அமைக்கும் வாய்ப்பு கிடைத்தது. இதன் வெற்றி நிறுவனத்தை நிலைநிறுத்தியது. 1966-இல் வால்ட் டிஸ்னியின் கதாபாத்திரங்களைக் குழந்தைகளுக்கான சவாரிகளில் பயன்படுத்தும் உரிமத்தையும் பெற்றது. பிறர் உருவாக்கிய உருவத்தைப் பயன்படுத்த அனுமதியும் கட்டணமும் தேவை என்ற வணிகப் பாடத்தை இந்நிறுவனம் நிகழ்பட ஆட்டங்களுக்கு முன்பே கற்றிருந்தது.

பெயரும் அட்டாரி ஒப்பந்தமும்

1970-களில் நிறுவனம் மின்-இயந்திர ஆட்டங்களைத் தயாரித்தது. இவற்றில் திரையோ கணினியோ இல்லை. மோட்டார், விளக்கு, கண்ணாடி, சுழலும் படச்சுருள் ஆகியவற்றைக் கொண்டு கார் ஓட்டுவது போன்ற தோற்றம் உருவாக்கப்பட்டது. 1976-இல் வெளிவந்த 'எஃப்-1' இவ்வகையில் பெயர் பெற்றது. தயாரிப்புகளில் 'நாம்கோ' என்ற வணிகப்பெயர் இடம்பெறத் தொடங்கியது. நாகாமுரா கேளிக்கை இயந்திரத் தயாரிப்பு நிறுவனம் என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கமே இது. 1977-இல் நிறுவனத்தின் அதிகாரப்பூர்வப் பெயரும் நாம்கோ என்றே மாற்றப்பட்டது.

அமெரிக்காவில் 'பாங்' ஆட்டத்தின் மூலம் புகழ்பெற்ற அட்டாரி நிறுவனம் ஜப்பானில் ஒரு கிளையைத் தொடங்கியிருந்தது. அந்தக் கிளை நட்டத்தில் தவித்ததால் 1974-இல் விற்பனைக்கு வந்தது. போட்டியில் இருந்த சேகாவை விடப் பல மடங்கு அதிக விலை தர நாகாமுரா முன்வந்தார். நிறுவனத்தின் அன்றைய அளவுக்கு இது பெரும் துணிச்சல். ஆனால் அந்த விலைக்கு ஜப்பானில் அட்டாரி ஆட்டங்களை விற்கும் தனியுரிமை கிடைத்தது. கணினிச் சில்லுகளால் இயங்கும் ஆட்டங்களின் உட்புறத்தை நாம்கோவின் பொறியாளர்கள் முதன்முறையாக நெருங்கிப் பார்க்கும் வாய்ப்பும் இதனுடன் வந்தது.

1976-இல் அட்டாரியின் 'பிரேக்அவுட்' ஆட்டம் ஜப்பானில் பெரும் வரவேற்பைப் பெற்றது. பந்தை மட்டையால் தட்டிச் செங்கற்களை உடைக்கும் எளிய ஆட்டம் இது. தேவைக்கு ஏற்ற எண்ணிக்கையில் அட்டாரியிலிருந்து பெட்டிகள் வரவில்லை. அந்த இடைவெளியில் போலிப் பெட்டிகள் சந்தையில் குவிந்தன. இந்நிலையில் நாம்கோவும் தானே பிரேக்அவுட் பெட்டிகளைத் தயாரித்து விற்றது. இது அட்டாரியுடன் பிணக்கை உண்டாக்கியது. பிற்காலத்தில் தன் ஆட்டங்களின் நகல்களுக்கு எதிராக நீதிமன்றம் சென்ற நிறுவனம், தொடக்கத்தில் இத்தகைய குற்றச்சாட்டுக்கு உள்ளாகியிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

முதல் நிகழ்பட ஆட்டங்கள்

1977-இல் தோரு இவாத்தானி என்ற 22 வயது இளைஞர் நாம்கோவில் சேர்ந்தார். பின்பால் இயந்திரங்களை வடிவமைப்பதே அவருடைய விருப்பம். நாம்கோ பின்பால் தயாரிக்கவில்லை என்பதால், பின்பாலையும் பிரேக்அவுட்டையும் கலந்து 'ஜீ பீ' என்ற நிகழ்பட ஆட்டத்தை அவர் வடிவமைத்தார். 1978-இல் வெளிவந்த இதுவே நாம்கோ சொந்தமாக உருவாக்கிய முதல் நிகழ்பட ஆட்டம். ஆனால் இது பெரிய வெற்றி பெறவில்லை.

அதே ஆண்டு டைட்டோ நிறுவனத்தின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஜப்பானையே ஆட்டிப் படைத்தது. அதன் முதல் வடிவத்தில் படம் கருப்பு வெள்ளையில்தான் இருந்தது. திரையின் மேல் ஒட்டப்பட்ட வண்ணத் தாள்களே நிறம் தந்தன. இதை மிஞ்சும் ஆட்டம் வேண்டும் என்று நாம்கோ விரும்பியது. கசுனோரி சவானோ வடிவமைத்த 'கேலக்சியன்' 1979-இல் வெளிவந்தது. இதில் எதிரிகள் ஒவ்வொருவரும் பல நிறங்களில் தோன்றினர். வரிசையில் நிற்பதோடு நில்லாமல் தனித்தனியே வளைந்து பாய்ந்து தாக்கினர். கேலக்சியனின் வெற்றி நாம்கோவை முன்னணிக்குக் கொண்டுவந்தது. இதன் மேம்பட்ட வடிவமான 'கலகா' 1981-இல் வெளிவந்தது.

பாக்-மேன்

அன்றைய ஆட்டக் கூடங்கள் பெரும்பாலும் ஆண்கள் கூடும் இடங்களாக இருந்தன. ஆட்டங்களில் பெரும்பான்மையும் விண்கலங்களைச் சுட்டு வீழ்த்தும் வகையைச் சேர்ந்தவை. பெண்களும் இணையர்களும் விரும்பி ஆடக்கூடிய ஆட்டம் ஒன்றை உருவாக்க இவாத்தானி விரும்பினார். உணவு உண்பதை ஆட்டத்தின் கருவாகத் தேர்ந்தெடுத்தார். ஒரு துண்டு எடுக்கப்பட்ட பீட்சாவின் வடிவமும், வாயைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்தின் வடிவமும் மஞ்சள் நிற நாயகனுக்கு அடிப்படையாக அமைந்தன. ஜப்பானிய மொழியில் வாயைத் திறந்து மூடி உண்ணும் ஒலிக்குறிப்பு 'பாக்கு பாக்கு' என்பதாகும். தமிழில் 'மொச்சு மொச்சு' என்பதைப் போன்ற இரட்டைக்கிளவி இது. இதிலிருந்து ஆட்டத்தின் பெயர் பிறந்தது.

நிரலாளர் ஷிகெயோ புனாகி, இசையமைத்த தோஷியோ காய் உள்ளிட்ட சிறு குழு இவாத்தானியுடன் பணியாற்றியது. 1980-ஆம் ஆண்டு மே 22 அன்று டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் சோதனைக்காக ஒரு பெட்டி வைக்கப்பட்டது. ஜூலை மாதம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அங்கு வரவேற்பு நடுத்தரமாகவே இருந்தது. ஆங்கிலத்தில் 'பக்-மேன்' என்று இருந்த பெயரின் முதல் எழுத்தைக் குறும்பர்கள் சுரண்டி ஆபாசச் சொல்லாக மாற்றிவிடுவார்கள் என்ற அச்சத்தால், அமெரிக்காவில் 'பாக்-மேன்' என்று பெயர் மாற்றப்பட்டது. அங்கு மிட்வே நிறுவனம் உரிமம் பெற்று விற்றது. அமெரிக்காவில் மட்டும் ஒரு லட்சத்தை நெருங்கும் எண்ணிக்கையில் பெட்டிகள் விற்பனையாயின. பாடல், கேலிச்சித்திரத் தொடர், சட்டை, உணவுப்பெட்டி எனப் பாக்-மேன் உருவம் எங்கும் பரவியது. நிகழ்பட ஆட்டத்தின் கதாபாத்திரம் ஒன்று திரைப்பட நாயகர்களுக்கு இணையான வணிகச் சின்னமாக மாறியது அதுவே முதன்முறை எனலாம்.

இவாத்தானி நிறுவனத்தின் மாதச் சம்பளக்காரர். ஆட்டத்தின் வருமானத்தில் அவருக்குப் பங்கு எதுவும் இல்லை. அன்றைய ஜப்பானிய ஆட்டங்களில் உருவாக்கியவர்களின் பெயர்கள்கூடப் பெரும்பாலும் இடம்பெறவில்லை. திறமையாளர்களைப் போட்டி நிறுவனங்கள் கவர்ந்து சென்றுவிடும் என்ற அச்சம் இதற்கு ஒரு காரணம்.

பேய்கள் இயங்கும் விதம்

பாக்-மேன் நீண்ட காலம் நிலைத்ததற்கு அதன் நான்கு பேய்களே முதன்மைக் காரணம். எல்லாப் பேய்களும் ஒரே வழியில் துரத்தினால் அவை ஒரே வரிசையில் பின்னால் வரும், ஆட்டம் சலித்துவிடும். எனவே ஒவ்வொரு பேய்க்கும் தனிக் குணம் தரப்பட்டது. ஜப்பானிய மூலத்தில் இவற்றின் குணப்பெயர்கள் முறையே துரத்துபவர், பதுங்கித் தாக்குபவர், மனம்போன போக்கினர், ஒன்றும் தெரியாதவர் போல் நடிப்பவர் என்ற பொருள் கொண்டவை.

திரை சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பேயும் ஓர் இலக்குக் கட்டத்தை நோக்கி நகர்கிறது.

சிவப்புப் பேயின் இலக்கு பாக்-மேன் நிற்கும் கட்டமே.

இளஞ்சிவப்புப் பேயின் இலக்கு, பாக்-மேன் பார்க்கும் திசையில் நான்கு கட்டங்கள் முன்னே உள்ள இடம். எனவே அது வழிமறிப்பது போலத் தோன்றும்.

நீலப் பேய் இரண்டு இடங்களைக் கணக்கில் கொள்கிறது. பாக்-மேனுக்கு இரண்டு கட்டங்கள் முன்னே ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு, சிவப்புப் பேயிலிருந்து அப்புள்ளி வரை ஒரு கோடு வரைந்து, அதே அளவு மேலும் நீட்டினால் கிடைக்கும் இடமே அதன் இலக்கு. சிவப்புப் பேய் நெருங்கினால் நீலப் பேயும் நெருங்கும்.

ஆரஞ்சுப் பேய் எட்டுக் கட்டங்களுக்கு அப்பால் இருக்கும்போது துரத்தும். அதைவிட அருகில் வந்துவிட்டால் தன் மூலைக்குத் திரும்ப முயலும்.

இவை இடைவிடாமல் துரத்துவதில்லை. முதல் நிலையில் 7 நொடிகள் தத்தம் மூலைகளுக்குச் சென்று, பிறகு 20 நொடிகள் துரத்துகின்றன. இது சிலமுறை மாறிமாறி நடந்த பின் நிலையான துரத்தலாகிறது. பாக்-மேன் பெரிய புள்ளியை உண்டால் பேய்கள் சிறிது நேரம் நீலமாக மாறி ஓடுகின்றன. அப்போது அவற்றை உண்டால் 200, 400, 800, 1600 என மதிப்பெண் இரட்டிக்கிறது.

கணினியியலில் இத்தகைய அமைப்பை 'முடிவுறு நிலை இயந்திரம்' என்பர். சில நிலைகள், ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்கான விதிகள் ஆகிய இரண்டே இதன் கூறுகள். பழைய மாமல்லபுரம் சாலையில் கேளம்பாக்கத்தைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் கணினியியல் மாணவர்கள் வட்டங்களும் அம்புக்குறிகளும் வரைந்து படிக்கும் தானியங்கிக் கோட்பாட்டின் அடிப்படைப் பாடம் இது. மூலைக்குச் செல்லுதல், துரத்துதல், அஞ்சி ஓடுதல், உண்ணப்பட்டுக் கூட்டுக்குத் திரும்புதல் என்ற நான்கு வட்டங்களில் ஒரு பேயை முழுமையாக வரைந்துவிடலாம்.

இந்த ஆட்டத்தில் உள்ள பிழைகளும் பாடமாகின்றன. பாக்-மேன் மேல்நோக்கித் திரும்பினால், கணக்கீட்டுப் பிழையால் இளஞ்சிவப்புப் பேயின் இலக்கு நான்கு கட்டங்கள் இடப்புறமும் தள்ளிப்போகிறது. மேலும், நிலை எண்ணைச் சேமிக்க 8 பிட் மட்டுமே ஒதுக்கப்பட்டது. எட்டு பிட்களில் 0 முதல் 255 வரையிலான எண்களையே வைக்க முடியும். 256-ஆம் நிலையில் எண் மீண்டும் பூச்சியமாகிவிடுகிறது. திரையின் கீழே பழங்களை வரையும் நிரல்பகுதி இதனால் குழம்பி, நினைவகத்தில் உள்ள தொடர்பற்ற குறிகளை எல்லாம் வரைகிறது. திரையின் வலப் பாதி சிதைந்து, நிலையை முடிக்க இயலாமல் போகிறது. அவ்வளவு தூரம் ஒருவர் ஆடுவார் என்று உருவாக்கியவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை.

பொற்காலம்

1980 முதல் 1985 வரையிலான காலம் நாம்கோவின் பொற்காலமாகக் கருதப்படுகிறது. 1982-இல் மண்ணைத் தோண்டிக்கொண்டே எதிரிகளை வீழ்த்தும் 'டிக் டக்' வெளிவந்தது. அதே ஆண்டு வெளிவந்த 'போல் பொசிஷன்' கார் பந்தய ஆட்டங்களுக்கு இலக்கணம் வகுத்தது. ஓட்டுநரின் காருக்குப் பின்னாலிருந்து பார்க்கும் கோணம், தகுதிச் சுற்று, ஜப்பானின் உண்மையான ஃபியூஜி பந்தயத் தடம், 16 பிட் செயலிகள் ஆகியவை இதன் சிறப்புகள்.

மசனோபு எண்டோ உருவாக்கிய 'செவியஸ்' 1983-இன் தொடக்கத்தில் ஜப்பானில் பரவியது. கீழே நகரும் காடு, ஆறு, பாலைவனம், வெளியே தெரியாமல் மறைந்திருக்கும் கோபுரங்கள் என அது தனி உலகத்தையே காட்டியது. மறைந்திருப்பவற்றைத் தேடி ஆட்டக்காரர்கள் குறிப்பேடுகளைப் பரிமாறிக்கொண்டனர். 1983-இல் வெளிவந்த 'மேப்பி'யில் எலி ஒன்று காவலராக வருகிறது. புதிர்வழியில் தானே வழி கண்டுபிடிக்கும் எலி வடிவ ரோபோக்களை நாம்கோ உருவாக்கியிருந்தது. அந்த ஆய்வே இந்த ஆட்டத்துக்கு வித்திட்டது.

ஆட்டம் யாருக்குச் சொந்தம்?

ஆர்கேட் பெட்டியின் உயிர் அதன் சில்லுகளில் உள்ள நிரல். அதை நகலெடுத்து வேறு பெட்டியில் பொருத்தினால் ஆட்டம் அப்படியே ஓடும். பாக்-மேனின் வெற்றிக்குப் பின் இத்தகைய நகல்கள் பெருகின. ஆனால் சட்டம் இதை எந்த வகையில் சேர்ப்பது என்பதில் தெளிவு இல்லை. பெட்டி ஒரு இயந்திரம், நிரல் ஓர் எழுத்து, திரையில் தெரிவது படம். எதற்குப் பாதுகாப்பு?

1982-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, பிலிப்ஸ் குழும நிறுவனத்தின் 'கே.சி. மஞ்ச்கின்' என்ற ஆட்டம் பாக்-மேனின் உரிமையை மீறுவதாகக் கருதி, அதன் விற்பனையைத் தடுக்க வழிசெய்தது. அந்த ஆட்டம் நிரல் நகல் அன்று. தோற்றத்திலும் உணர்விலும் ஒத்திருந்ததே சிக்கலானது. 1984-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் பாக்-மேனை ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு 'திரைப்படப் படைப்பு' என ஏற்றுக்கொண்டது. ஆட்டக்காரர் கைப்பிடியைத் திருப்புவதற்கேற்ப படம் மாறினாலும், அந்த மாற்றங்கள் அனைத்தும் படைப்பாளி முன்பே அமைத்தவை என்ற வாதம் ஏற்கப்பட்டது. எனவே நகல் பெட்டியைக் கடையில் வைத்து ஓட்டுவதும் அனுமதியின்றிப் படம் திரையிடுவதற்குச் சமமானது.

மற்றொரு நிகழ்வு வேறு திசையில் சென்றது. அமெரிக்காவின் ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷனைச் சேர்ந்த இளைஞர்கள் பாக்-மேன் பெட்டியில் பொருத்தக்கூடிய மாற்றுப் பலகை ஒன்றை உருவாக்கினர். புதிய புதிர்வழிகளும் மாறுபட்ட பேய்களும் கொண்ட அதை மிட்வே விலைக்கு வாங்கி, 1982-இல் 'மிஸ் பாக்-மேன்' என வெளியிட்டது. அனுமதியின்றித் தொடங்கிய மாற்றம் ஒன்று அதிகாரப்பூர்வ ஆட்டமாகி, மூலத்துக்கு இணையான புகழ் பெற்றது.

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1984-இல் திருத்தப்பட்டு, கணினி நிரல்கள் 'இலக்கியப் படைப்பு' என்ற வரையறைக்குள் கொண்டுவரப்பட்டன. ஜப்பானிய நீதிமன்றம் ஆட்டத்தைப் படமாகப் பார்த்த அதே ஆண்டில், இந்தியச் சட்டம் நிரலை எழுத்தாகப் பார்த்தது.

நின்டெண்டோவுடன் உறவும் பிணக்கும்

நின்டெண்டோ 1983-இல் 'ஃபேமிகாம்' என்ற வீட்டு ஆட்டக் கருவியை ஜப்பானில் வெளியிட்டது. 1984-இல் இதற்காக ஆட்டங்கள் வெளியிட முன்வந்த முதல் வெளி நிறுவனங்கள் ஹட்சனும் நாம்கோவும் ஆகும். ஆர்கேடில் புகழ்பெற்ற கேலக்சியன், பாக்-மேன், செவியஸ் ஆகியவை வீட்டுக்குள் வந்தன. முன்னதாகவே சேர்ந்ததால் நாம்கோவுக்குச் சலுகைகள் கிடைத்தன. பிற நிறுவனங்கள் ஆட்டப் பேழைகளை நின்டெண்டோவிடமே தயாரிக்கக் கொடுக்க வேண்டியிருந்தது; நாம்கோ தானே தயாரித்துக்கொண்டது.

1989-இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வேளையில், மற்றவர்களுக்கான விதிகளே நாம்கோவுக்கும் பொருந்தும் என நின்டெண்டோ அறிவித்தது. நாகாமுரா வெகுண்டார். நின்டெண்டோ சந்தையை ஒற்றை ஆளாக ஆள்வது துறைக்கு நல்லதல்ல என்று வெளிப்படையாகப் பேசினார், வழக்கும் தொடுத்தார். ஆனால் வருமானத்தின் பெரும்பகுதி நின்டெண்டோ கருவிகளிலிருந்தே வந்ததால், வழக்கைத் திரும்பப் பெற்றுப் புதிய விதிகளை ஏற்க நேர்ந்தது. இந்தக் கசப்பு மறையவில்லை. சோனி நிறுவனம் புதிய கருவியுடன் வந்தபோது நாம்கோ அதன் பக்கம் விரைந்து சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் நாம்கோ ஆட்டங்கள்

1985-இல் ஃபேமிகாமுக்காக வெளிவந்த 'பேட்டில் சிட்டி' 1980-ஆம் ஆண்டின் 'டேங்க் பட்டாலியன்' என்ற ஆர்கேட் ஆட்டத்தின் வளர்ந்த வடிவம். 35 நிலைகள் கொண்டது. ஒவ்வொரு நிலையிலும் 20 எதிரி டாங்கிகளை அழிக்க வேண்டும். கீழே செங்கல் சுவருக்குள் இருக்கும் கழுகுச் சின்னத்தைக் காக்க வேண்டும். இருவர் சேர்ந்து ஆடலாம். ஆட்டக்காரரே களத்தை வரைந்துகொள்ளும் வசதியும் உண்டு. அமெரிக்காவில் நின்டெண்டோவின் அக்காலக் கருவிக்காக இது வெளியிடப்படவில்லை.

ஆயினும் இந்தியாவில் இது பரவலாக அறியப்பட்டது. ஃபேமிகாமின் உட்கூறுகளை நகலெடுத்த மலிவான கருவிகள் 1990-களில் இந்தியச் சந்தைக்கு வந்தன. சென்னையின் ரிச்சி தெரு, பர்மா பஜார் போன்ற இடங்களிலிருந்து இவை சிற்றூர்கள் வரை சென்றன. நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக அச்சிட்ட கேசட்டுகளில் உண்மையில் சில ஆட்டங்களே வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப இருக்கும். அவற்றில் பேட்டில் சிட்டி, கேலக்சியன், மேப்பி, பாக்-மேன் ஆகிய நாம்கோ ஆட்டங்கள் அடிக்கடி இடம்பெற்றன. தொடக்கத் திரையில் இருந்த நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் பல நகல்களில் அழிக்கப்பட்டிருந்தன. ஒரு தலைமுறையே ஆடி மகிழ்ந்த ஆட்டத்தை யார் உருவாக்கினார்கள் என்று தெரியாமல் போனதற்கு இதுவே காரணம்.

இதை இருவகையாகப் பார்க்கலாம். உரிமையாளருக்குச் சேர வேண்டிய பணம் சேரவில்லை என்பது ஒன்று. அதிகாரப்பூர்வக் கருவிகள் எட்டாத விலையில் இருந்த காலத்தில், கணினியைத் தொட்டறியாத வீடுகளுக்கு நிகழ்பட ஆட்டம் இவ்வழியாகவே வந்தது என்பது மற்றொன்று. இன்று சிறுசேரி, கேளம்பாக்கம் பகுதியின் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் 1990-களின் பிள்ளைகளில் பலருக்கு முதல் எண்முறைத் திரை அனுபவம் அத்தகைய கருவிதான்.

முப்பரிமாணக் காலம்

வீட்டுக் கருவிகள் வளர வளர, வீட்டில் கிடைக்காத அனுபவத்தைத் தரவேண்டிய நிலை ஆர்கேட் நிறுவனங்களுக்கு ஏற்பட்டது. 1988-இல் 'வின்னிங் ரன்' மூலம் பலகோண முப்பரிமாண வரைகலைக்கு நாம்கோ மாறத் தொடங்கியது. 1990-இல் ஒசாகாவில் நடந்த பன்னாட்டு மலர்க் கண்காட்சியில், 28 பேர் ஒன்றாக அமர்ந்து ஆடும் 'கேலக்சியன் 3' என்ற அரங்கை அமைத்தது. 1992-இல் டோக்கியோவில் 'வொண்டர் எக்ஸ்' என்ற கேளிக்கைப் பூங்காவைத் திறந்தது. இது 2000-ஆம் ஆண்டின் இறுதி வரை இயங்கியது.

1993-இல் 'ரிட்ஜ் ரேசர்' வெளிவந்தது. 1994-ஆம் ஆண்டு டிசம்பர் 3 அன்று சோனியின் பிளேஸ்டேஷன் ஜப்பானில் அறிமுகமான நாளிலேயே அதற்கான ரிட்ஜ் ரேசரும் வெளிவந்தது. வட்டிலிருந்து ஆட்டம் ஏறும் வரை காத்திருக்கும் நேரத்தில் கேலக்சியனை ஆடலாம். இந்த யோசனைக்கு நாம்கோ பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 2015 வரை நீடித்தது. அதனால் பிற நிறுவனங்கள் காத்திருப்புத் திரையில் சிற்றாட்டம் வைக்கத் தயங்கின. உரிமைப் பாதுகாப்பு புதுமையைத் தடுக்கவும் கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது.

1994-இல் வெளிவந்த சண்டை ஆட்டமான 'டெக்கன்' பிளேஸ்டேஷனை அடிப்படையாகக் கொண்ட ஆர்கேட் பலகையில் உருவாக்கப்பட்டது. எனவே வீட்டுக்கு மாற்றுவது எளிதாயிற்று, செலவும் குறைந்தது. ஆனால் ஆர்கேடுக்கும் வீட்டுக்கும் இடையிலான வேறுபாடு மறையத் தொடங்கியதற்கும் இதுவே அடையாளம். 2001-இல் வந்த 'தாய்க்கோ நோ தத்சுஜின்' இதற்கு மாற்று வழி காட்டியது. உண்மையான பெரிய முரசைக் கோல்களால் அடித்து ஆடும் இந்த ஆட்டம் ஜப்பானிய ஆட்டக் கூடங்களில் இன்றும் காணப்படுகிறது.

பண்டாயுடன் இணைப்பு

2000-களில் ஆட்டம் உருவாக்கும் செலவு உயர்ந்தது. ஆட்டக் கூடங்களுக்கு வருவோர் குறைந்தனர். ஜப்பானில் குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைந்துவந்தது. 2005-ஆம் ஆண்டு மே மாதம் நாம்கோவும் பண்டாயும் இணைப்பை அறிவித்தன. அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று கூட்டு நிறுவனம் அமைந்தது. பண்டாயிடம் குண்டம் போன்ற புகழ்பெற்ற கதாபாத்திர உரிமைகள் இருந்தன. நாம்கோவிடம் ஆட்டம் உருவாக்கும் திறனும் ஆட்டக் கூடங்களும் இருந்தன. 2006-ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று இரு நிறுவனங்களின் நிகழ்பட ஆட்டப் பிரிவுகளும் ஒன்றாக்கப்பட்டன. ஆட்டக் கூடங்களை நடத்தும் பிரிவு மட்டும் நாம்கோ என்ற பெயரில் தனியே தொடர்ந்தது. குதிரைச் சவாரியில் தொடங்கிய பெயர், இடத்தை வாடகைக்கு எடுத்துக் கேளிக்கை வழங்கும் பழைய தொழிலுக்கே திரும்பியது.

இவாத்தானி 2007-இல் நிறுவனத்திலிருந்து விலகி, டோக்கியோ பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் ஆட்ட வடிவமைப்பு கற்பிக்கச் சென்றார். அதே ஆண்டு நாகாமுராவுக்கு ஜப்பானிய அரசு உதயசூரிய விருது வழங்கியது. 2012-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் தொகுப்புக்காக முதலில் தேர்ந்தெடுத்த 14 நிகழ்பட ஆட்டங்களில் பாக்-மேனும் ஒன்று. நாகாமுரா 2017-ஆம் ஆண்டு ஜனவரி 22 அன்று தனது 91-ஆம் வயதில் காலமானார்.

மரபு

நாம்கோவின் பழைய ஆட்டங்களின் உரிமை இன்று பண்டாய் நாம்கோவிடம் உள்ளது. அவை கைப்பேசிகளுக்கும் புதிய கருவிகளுக்கும் தொடர்ந்து மறுவெளியீடு செய்யப்படுகின்றன. பாக்-மேனின் பேய் விதிகள் தொடக்கநிலைச் செயற்கை நுண்ணறிவுப் பாடங்களில் எடுத்துக்காட்டாகின்றன. மாணவர்கள் தாமே எழுதிப் பார்க்கும் முதல் ஆட்டங்களுள் ஒன்றாகவும் பாக்-மேன் இருந்துவருகிறது. ஆட்டத்தின் விதிகளைக் கற்றுத் தானே எழுதிப் பார்ப்பதற்கும், இன்னொருவர் எழுதியதைப் பெயரை அழித்து விற்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்நிறுவனத்தின் அரை நூற்றாண்டு வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.